ஐயாயிரத்து ஐந்து குரோஸும் ஒரு பதினேழும்

நம் வயதுக்காரர்களுக்கு எண்கள் மண்டையில் தங்குவதில்லை. ஒத்துக்கொள்ளுங்கள். வங்கியிலிருந்து போனுக்கு வரும் ஆறு இலக்கத்தைப் பார்த்துவிட்டு, அதை அடிக்க வேண்டிய கட்டத்துக்குப் போவதற்குள் மறந்து, திரும்ப வந்து பார்க்கிறோம். பெற்ற மகனின் நம்பரைக் கேட்டால் போனில் இருக்கிறது என்கிறோம். காலையில் சர்க்கரை மாத்திரை போட்டோமா இல்லையா என்று மத்தியானம் யோசிக்கிறோம். நானும் அந்தக் கூட்டம்தான். ஆனால் என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபது என்று தடுமாறாமல் சொல்வேன். அது யாருடைய போன் நம்பரும் இல்லை. கோவில்பட்டியில் தண்டவாளத்துக்கு மேற்கே இருந்த இரண்டு அறைப் பள்ளிக்கூடத்தில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினாறு பேர் சேர்ந்து செய்த எண்.

அது ஒரு மழைக்காலம். கரிசலில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு காலிலும் ஒரு தோசைக்கல் கனத்துக்கு மண் ஏறிவிடும். தீப்பெட்டி ஆபீஸ்களில் மருந்தில் முக்கியெடுத்த குச்சி காயாது. வீட்டில் பெட்டி ஒட்டுகிறவர்களுக்குப் பசை காயாது. ஊரே கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். பெரியவர்களுக்குத்தான் அது கவலை. ஏவுவதற்கு வேலை இல்லாததால் எங்களுக்குக் கொண்டாட்டம்.

எங்கள் வகுப்பில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். அதனால் டீச்சர் எல்லாரையும் வருகைப் பதிவு எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார். நாங்களும் ஒருவரையொருவர் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். ஒன்று என்பவன் ஜவுளிக்கடைக்காரர் வீட்டுப் பையன். வாரத்துக்கு ஒரு புதுச்சட்டை போடுவான். பன்னிரண்டு, அம்மாவும் அக்காமாரும் தீப்பெட்டி ஒட்டுகிற வீட்டுப் பையன். விரல் இடுக்கில் எப்போதும் காய்ந்த பசை உரிந்துகொண்டிருக்கும். நான் பதின்மூன்று.

டீச்சருக்கு ஒரு பழக்கம். காலையில் வந்ததும் பலகையில் ஒரு பெரிய எண்ணை எழுதிப்போடுவார். அவரவர் அதைத் தன் எண்ணால் வகுக்க வேண்டும். மீதி இல்லாமல் வகுபட்டவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முதலில் போகலாம். மீதி வந்தவர்கள் பின்னால்தான். இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். அப்போது மஞ்சள் உப்புமா போடுவார்கள். அண்டாவின் அடியில் பிடித்திருக்கும் காந்தலைச் சுரண்டி, முன்னால் வந்த பிள்ளைகளின் தட்டில்தான் வைப்பார் ஆயா. அந்தக் காந்தலின் மணம் வகுப்புக்குள் வரும்போது நான் வகுத்தல் கணக்கின் கடைசிப் படியில் இருப்பேன். ஒன்று, மூன்று, எட்டு என்று எதையாவது மிச்சம் வைத்துவிட்டு அது என்னைப் பார்த்து நிற்கும். ஜவுளிக்கடைப் பையனுக்கு என்ன கவலை? எந்த எண்ணும் ஒன்றால் வகுபடும். இரண்டும் நான்கும் வாரத்தில் பாதி நாள் முன்வரிசையில் நின்றார்கள். ஏழு, பதினொன்று, பதின்மூன்று ஆகிய நாங்கள் மூவரும் நிரந்தரக் கடைசி. வகுத்தலை ஒழுங்காகச் செய்யாமல் மீதியைக் காட்டுகிறோம் என்று டீச்சர் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தார். "மூணு பேருக்கும் வாய்ப்பாடு வரலை" என்று என் அப்பாவிடமே சொன்னார். பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை அந்த வகுப்பில் தலைகீழாகச் சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

ஒருநாள் மழை விடாமல் பெய்தது. டீச்சர் பக்கத்து அறையில் இருந்தார். ஏழு என்கிற பிள்ளை காந்தலை நினைத்து அழ ஆரம்பித்துவிட்டாள். அப்போது பன்னிரண்டு எழுந்து, "ஏலே, எல்லாருக்கும் வகுபடுத மாதிரி ஒரு நம்பர நாமளே செஞ்சு டீச்சர்ட்ட குடுத்தா என்ன?" என்றான்.

"எப்படிலே செய்வ?" என்று கேட்டான் ஒன்று.

"ஒரு குரோஸ்ல இருந்து ஆரம்பிப்போம்."

தீப்பெட்டி வீட்டுப் பிள்ளைகளுக்கு நூறு என்பது பள்ளிக்கூடத்தில் மட்டும்தான். வீட்டில் எல்லாம் குரோஸ். பன்னிரண்டு பன்னிரண்டு, நூற்று நாற்பத்து நான்கு பெட்டி. ஒட்டிய பெட்டியைக் குரோஸ் குரோஸாகத்தான் கட்டி அனுப்புவார்கள். இரண்டு பேர் உட்கார்ந்தாலும், மூன்று பேர் உட்கார்ந்தாலும், நான்கு, ஆறு, எட்டு, ஒன்பது பேர் உட்கார்ந்தாலும் ஒரு குரோஸைச் சண்டையில்லாமல் பிரித்துக்கொள்ளலாம் என்று அவனுக்கு உட்கார்ந்து ஒட்டியே தெரியும். பன்னிரண்டும் பதினாறும்கூட அதில் அடங்கிவிடும். ஊரில் வேறு யாராவது தொடங்கியிருந்தால் நூறிலோ ஆயிரத்திலோ தொடங்கி மூன்றிலேயே முட்டிக்கொண்டு நின்றிருப்பார்கள்.

அவன் குரோஸை ஐந்தால் பெருக்கினான். எழுநூற்று இருபது. ஐந்தும் பத்தும் பதினைந்தும் உள்ளே வந்துவிட்டார்கள். அடுத்து அழுதுகொண்டிருந்த ஏழு சிலேட்டை வாங்கி ஏழால் பெருக்கினாள். ஐயாயிரத்து நாற்பது. ஏழைக் கூட்டிக்கொண்டு வந்ததில் பதினான்கு தானாக வந்துவிட்டான். பதினொன்று பெருக்கினான். ஐம்பத்தையாயிரத்து நானூற்று நாற்பது. கடைசியாக என்னிடம் வந்தது. நான் பதின்மூன்றால் பெருக்கிக் கூட்டிக்கொண்டு வரும்போது, பாதியிலேயே எனக்குப் புல்லரித்துவிட்டது. விடை 720720. பன்னிரண்டு வைத்த எழுநூற்று இருபது, நாங்கள் மூன்று பேரும் புகுந்து அடித்த பிறகு, பக்கத்தில் இன்னொரு எழுநூற்று இருபதோடு வந்து நின்றது. ஏழையும் பதினொன்றையும் பதின்மூன்றையும் பெருக்கினால் ஆயிரத்தொன்று, அதனால்தான் அப்படி வருகிறது என்று பிற்பாடு படித்தேன். ஆனால் தெரிந்த பிறகும் அந்த அழகு குறையவில்லை. இன்றைக்கும் அதை எழுதிப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

டீச்சர் வந்து ஒவ்வொருவராகச் சரிபார்த்தார். பதினாறு பேருக்கும் மீதி இல்லை. "குரோஸ் கணக்குல சொன்னா ஐயாயிரத்து அஞ்சு குரோஸ் டீச்சர்" என்றான் பன்னிரண்டு. டீச்சர் சாக்கட்டியைத் தண்ணீரில் நனைத்துப் பலகையின் உச்சியில் அதை எழுதினார். நனைத்து எழுதினால் லேசில் அழியாது. அன்று பதினாறு பேரும் ஒரே நேரத்தில் சாப்பாட்டுக்கு ஓடினதில் வாசலில் மாட்டிக்கொண்டோம். காந்தல் ஆளுக்கு நகக்கண் அளவுதான் கிடைத்தது. அதற்குள் அவ்வளவு ருசி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அதற்குப் பிறகுதான் அவள் வந்து சேர்ந்தாள். புதூர்ப் பக்கத்துப் பிள்ளை. ஆடுகளை விற்றுவிட்டு, அப்பா தீப்பெட்டி ஆபீஸில் காவல் வேலைக்கு வந்திருந்தார். குடும்பம் ஆபீஸுக்குப் பின்னால் இருந்த குச்சிக் கொட்டகையின் ஓரத்தில் தங்கியிருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் ஆட்டுப்பாலும் வேப்பெண்ணெயும் கலந்த ஒரு வாடை அடிக்கும். டீச்சர் அவளுக்குப் பதினேழு என்று எண் கொடுத்தார். கொடுத்த கையோடு பலகை உச்சியைக் காட்டி வகுக்கச் சொன்னார்.

அவள் நிதானமாக வகுத்தாள். ஒருமுறைக்கு இருமுறை பார்த்தாள்.

"அஞ்சு மிஞ்சுது டீச்சர்" என்றாள்.

வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. வந்த அன்றைக்கே எங்கள் எண்ணை உடைத்துவிட்டாளே என்று எல்லாருக்கும் கோபம். எனக்குக் கோபம் வரவில்லை. அவள் முகத்தில் இருந்ததை நான் தினமும் மத்தியானம் என் முகத்தில் சுமந்திருக்கிறேன்.

டீச்சருக்கு அப்போது அவசரம் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் அதிகாரி அடுத்த வாரம் வருவதாகத் தகவல். அவர் முன்னால் எங்கள் எண்ணை வைத்துக் காட்ட வேண்டும், ஒவ்வொரு பிள்ளையும் பலகைக்கு வந்து வகுக்க வேண்டும் என்று டீச்சர் ஆசைப்பட்டார். தப்பில்லாத ஆசைதான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நீ பதினெட்டுன்னு வச்சுக்கிடு" என்றார். நாங்கள் சட்டென்று வகுத்துப் பார்த்தோம். நாற்பதாயிரத்து நாற்பது. மீதியே இல்லை. எல்லாரும் கை தட்டினோம்.

அவள் தட்டவில்லை. "அப்ப பதினேழு யாரு டீச்சர்?"

"யாருமில்ல. அது சும்மா இருந்துட்டுப் போகுது."

"எங்க வீட்டுல சாயங்காலம் ஆடு எண்ணிப் பட்டிக்குள்ள விடுதப்போ நடுவுல ஒரு நம்பர விட்டுத் தாண்டக்கூடாது டீச்சர். தாண்டிட்டா அந்த ஆடு திரும்பலைன்னு அர்த்தம். அய்யா உடனே கம்பை எடுத்துக்கிட்டு தேடப் போயிருவாவ."

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "அப்ப ஆபீசர் வார அன்னைக்கு நீ பின்னால உக்காந்துக்கிடு. உன்னை பலகைக்குக் கூப்பிட மாட்டேன்" என்றார். டீச்சர் கெட்டவர் இல்லை. எங்கள் பதினாறு பேருக்காகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினார். அவ்வளவு நல்ல மனுஷி அந்த ஒரு நிமிஷத்தில் எவ்வளவு தவறாகக் கணக்குப் போட்டார் என்பது இத்தனை வயதுக்குப் பிறகு தெளிவாகத் தெரிகிறது.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பன்னிரண்டும் நானும் மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம் அந்தக் கொட்டகைக்குப் போனோம். அவள் அம்மா வாசலில் அடுப்பு மூட்டப் போராடிக்கொண்டிருந்தார்.

"கணக்குலயே வராத பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல என்ன சோலி?" என்றார் எங்களைப் பார்த்ததும். "வெயில் அடிச்சா திங்கக்கிழமைல இருந்து அடுத்த ஊர் ஆபீஸ் வண்டி பிள்ளைகள ஏத்திட்டுப் போக வரும். கட்டையில தீக்குச்சி அடுக்கப் போகட்டும். அங்கன யாரும் பின்னால உக்காருன்னு சொல்ல மாட்டாவ."

திங்கட்கிழமைதான் அந்த அதிகாரியும் வருவதாக இருந்தது. வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. மழை நிற்கக் கூடாது என்று கரிசல் காட்டில் பிறந்த ஒரு பிள்ளை பயந்து வேண்டிக்கொள்வது எப்போதும் நடக்கிற காரியம்தான். ஆனால் நான் வேண்டிக்கொண்ட காரணம் வேறு.

அவள் கொட்டகைக்குப் பின்னால் ஈர மண்ணில் குந்தியிருந்தாள். பன்னிரண்டு ஏற்கெனவே ஒரு வழி யோசித்து வைத்திருந்தான். ஐந்துதானே மிஞ்சுகிறது, அந்த ஐந்தைக் கழித்துவிட்டால் போச்சு என்றான். ஓர் உடைமுள் குச்சியை எடுத்து மண்ணில் 720715 என்று எழுதினான். அவளுக்கு மீதியில்லாமல் வந்தது. சந்தோஷத்தில் குதித்துவிட்டு மற்றவர்களுக்கும் பார்த்தோம். ஒன்றுக்கும் ஐந்துக்கும் தவிர ஒருவருக்கும் வகுபடவில்லை. சரி, பன்னிரண்டைக் கூட்டுவோம் என்றான். 720732. அதிலும் அவளுக்கு வந்தது. பன்னிரண்டுக்கும் வந்தது. ஆனால் ஏழு, எட்டு, ஒன்பது என்று பத்துப் பேர் வெளியே நின்றார்கள். நானும் வெளியேதான்.

அவள் குச்சியை வாங்கி இரண்டு எண்ணையும் அடித்தாள்.

"என்னைச் சேக்கதுக்கு இத்தனை பேரைத் தொரத்தணுமா? எனக்கு வேண்டாம்" என்றாள்.

அவளுக்கு அப்போது பத்து வயது. தன்னை வெளியே நிறுத்தியவர்களை அவள் வெளியே நிறுத்தச் சம்மதிக்கவில்லை. அதற்குப் பிறகு நான் எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்துவிட்டேன். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒரு சொல்லை அவர்கள் வாயிலிருந்து கேட்டதில்லை.

பிறகு அவளே கேட்டாள், "ஏட்டி பதின்மூணு, நீ எப்படி உள்ள வந்த? உனக்கு யாரைக் கழிச்சாவ?"

"யாரையும் கழிக்கலையே. நான் பெருக்குனேன்."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. அவளுக்கும் கேட்டது. பன்னிரண்டு தலையில் அடித்துக்கொண்டான். "புது ஆடு வந்தா பட்டியத்தான பெருசாக்கணும்" என்று சொல்லிக்கொண்டே அவள் மண்ணில் 720720 என்று எழுதி, அதன் கீழ் 17 என்று போட்டுக் கோடு இழுத்தாள். பெருக்கியது முழுக்க அவள்தான். நாங்கள் தொடவில்லை. 12252240. வலமிருந்து எண்ணி எண்ணி மூன்று பேரும் சேர்ந்து வாசித்தோம். ஒரு கோடியே இருபத்திரண்டு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரத்து இருநூற்று நாற்பது. ஏழு லட்சமாக இருந்த வகுப்பு அவள் ஒருத்தி வந்ததால் கோடிக்குப் போய்விட்டது. பதின்மூன்றால் வகுத்துப் பார்த்தேன். மீதி இல்லை. ஒருவரும் வெளியே போகவில்லை. அவரவர் பங்கு பதினேழு மடங்காகியிருந்தது, அவ்வளவுதான். அப்படியே வெயில் அடித்து அந்த மண் காய்ந்துவிட்டது. கரிசல் காய்ந்தால் கல். வெடிப்பு விழுந்து இலக்கங்கள் பிளக்கும்வரை அந்த எண் கொட்டகைக்குப் பின்னால் கிடந்தது. பிறகு அந்த இடத்தில் சுவர் வைத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை நல்ல வெயில். அவள் அம்மாவிடம் இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்று கெஞ்சிவிட்டு வந்திருந்தாள். நம்பிக்கை இல்லாமல் அம்மாவும் பின்னாலேயே வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றார். டீச்சரிடம் எண்ணைச் சொன்னதே அன்று காலையில்தான். அவர் சிலேட்டில் போட்டுப் பார்த்தார். "எனக்குத் தோணலையே பிள்ள" என்றார். பிறகு பெஞ்சின் மேல் ஏறி, பலகை உச்சியில் இருந்த எங்கள் எண்ணைத் தன் முந்தானையை நனைத்து அழுத்தித் துடைத்தார். புதிய எண்ணை எழுதினார். அதில் கடைசிப் பூஜ்யம் மட்டும் பலகையின் மரச்சட்டத்தில் ஏறிவிட்டது.

அதிகாரி வந்தார். ஐந்தாம் வகுப்புக்குக் கோடி உண்டா என்று கேட்டார். டீச்சர், "ஒண்ணு, வா" என்று கூப்பிட்டார். ஒவ்வொருவராகப் போனோம். பதினாறு பேருக்கும் மீதியில்லாமல் வந்தது. அதிகாரி இதற்குள் இரண்டு தடவை கைக்கடிகாரம் பார்த்துவிட்டார். பிறகு டீச்சர், "பதினேழு" என்றார்.

அவள் போய் வகுக்க ஆரம்பித்தாள். முதலில் ஏழு எழுதினாள். பிறகு இரண்டு. பிறகு பூஜ்யம். நாங்கள் பெருக்கியதுதான், விடை எங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் பலகையில் ஒவ்வொரு இலக்கமாக அது வந்து விழுந்தபோது வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. டீச்சர் காலையில் அழித்த எங்கள் எண், 720720, அவளுடைய விடையாக வந்து நின்றது. அவளுக்கு இடமில்லை என்று சொன்ன அந்த எண்ணை அவளே எங்களுக்குத் திருப்பி எழுதிக் கொடுத்தாள். கீழே பூஜ்யம் போட்டு, "மிஞ்சலை டீச்சர்" என்றாள்.

அதிகாரி என்ன நினைத்தாரோ தெரியாது. சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவள் அம்மா போய்விட்டிருந்தார். மறுநாள் ஆபீஸ் வண்டி கொட்டகைக்கு முன்னால் வந்து ஆரன் அடித்துவிட்டுப் போனது. அவள் எங்களோடு உப்புமா வரிசையில் நின்றாள்.

இப்போது அவள் நாகலாபுரத்தில் இருக்கிறாள். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றாள். அவள் வேலை பார்த்தவரை அங்கே பள்ளிக்கூடத்தில் காந்தல் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு என்று கேள்விப்பட்டேன். கேட்டபோது ஆச்சரியப்படவில்லை. பன்னிரண்டு போன வருஷம் காலமாகிவிட்டான். நல்ல சாவுதான் என்றார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

இந்த வருஷம் எல்லாரும் கூடுவதாக ஏற்பாடு. ஜவுளிக்கடைப் பையனான ஒன்றுதான் வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கினவன். பிளெக்ஸ் அடிக்கப் போவதாகப் போட்டிருந்தான். 'பன்னிரண்டு இல்லை. இப்போ நாம பதினாறு பேர்தான். அதனால பழைய எண்ணே போதும். 720720னு அடிச்சிருதேன்' என்று எழுதியிருந்தான். ஒன்றாம் நம்பர்க்காரனுக்கு அந்தக் காலத்திலேயே இந்தக் கவலை எல்லாம் புரிந்ததில்லை. நான் பதில் எழுதக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தபோது நாகலாபுரத்திலிருந்து போன் வந்தது.

"பாத்தியா அவன் கணக்க?" என்றாள் பதினேழு. "ஆளு பதினாறுன்னா ஏழு லட்சமா? நான் இன்னும் உக்காந்திருக்கேன்லா."

"சொல்லுதேன் அவன்கிட்ட. கோடியவே அடிக்கச் சொல்லுதேன்."

"சொல்லு. பன்னெண்ட எடுத்துட்டு நேத்து போட்டுப் பாத்தேன். மிச்சம் இருக்க எல்லாரையும் வச்சு முதல்ல இருந்து செஞ்சேன். அதே கோடிதான் வருது. மூணும் நாலும் இருக்காவல்லா, அவிய ரெண்டு பேரும் இருக்கவரைக்கும் பன்னெண்டு அதுக்குள்ள இருப்பான். அவன யாரும் எடுக்க முடியாது."

மூன்றும் நான்கும் இருக்கிறவரை பன்னிரண்டு இருப்பான். எவ்வளவு எளிதான உண்மை. அவன் விரல் இடுக்கில் உரிந்த பசை கண்முன் வந்தது. அவள் அதோடு விடவில்லை.

"ஆனா ஏட்டி, நீயும் நானும் அப்படி இல்ல. பதின்மூணுக்கும் பதினேழுக்கும் வேற ஆள் கிடையாது. நம்மள எடுத்துட்டா கோடி கோடியா இருக்காது. அதனால மாத்திரைய ஒழுங்கா முழுங்கு."

அன்றைக்குப் போட்டேனா இல்லையா என்று எனக்கு ஞாபகம் இல்லை. அட்டையை எடுத்து எண்ணிப் பார்த்தேன். போடவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டே, அவளுக்குக் கேட்கிற மாதிரி, தண்ணீர் ஊற்றி விழுங்கினேன்.